மாக்கோழியும் மனமும்

சாத்திரம் பயிலுதலாகிய ஸ்வாத்யாயத்தைத் தத்வார்த்த சூத்திரம் ஐந்தாக வகுக்கிறது. படித்தல், ஐயம் வினவுதல், உள்ளத்தில் இருத்திச் சிந்தித்தல், பிழையற ஓதுதல், பிறர்க்கு அறம் உரைத்தல் என்பன அவை. இவற்றுள் மூன்றாவதாகிய அநுப்ரேட்சையை நம் இல்லங்களில் பெரும்பாலும் கைவிட்டுவிட்டோம்.

யசோதர காவியத்தையே எடுத்துக்கொள்வோம். ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய இதன் கதையைச் சோமதேவ சூரி கி.பி. 959இல் வடமொழியிலும், ஜன்னர் 1209இல் கன்னடத்திலும் இயற்றியுள்ளனர். உஞ்சைநகர் வேந்தன் யசோதரன், அரசியின் ஒழுக்கக் கேட்டை ஓரிரவில் காண்கிறான். வாளை உருவியவன் தன்னை அடக்கிக்கொள்கிறான். மறுநாள் தாயிடம், தீய கனாக் கண்டதாக மறைத்துக் கூறுகிறான். தேவிக்குக் கோழி பலியிடுக என்கிறாள் தாய் சந்திரமதி. உயிர்க்கொலைக்கு அவன் உடன்படவில்லை. முடிவில் மாவினால் செய்த கோழி வெட்டப்படுகிறது. தாயும் மகனும் நாயாகவும் மயிலாகவும் பிறந்து, பின்னும் பல விலங்குப் பிறவிகளில் உழல்கின்றனர்.

சிறுவர்க்கு இக்கதையைச் சொல்லும்போதெல்லாம், "மாவுதானே, அதற்கு நோகுமா?" என்ற வினா எழும். நல்ல வினா, அதட்டி அடக்கலாகாது. மாவுக்கு நோகாதுதான். ஆனால் அதைக் கோழியென்று கருதாவிடில் அது பலியாகாதே! உயிருள்ள ஒன்றை வெட்டுகிறேன் என்று உள்ளத்தில் கற்பித்துக்கொண்டே அவன் வாளை ஓங்குகிறான். அக்கற்பனையே வினை ஊற்றாயிற்று. இதனையே நம் ஆசிரியர்கள் பாவஹிம்சை என்றனர். (இங்குப் 'பாவம்' என்பது தீவினையன்று, மனநிலை. தமிழில் இரண்டையும் ஒன்றுபோல் எழுதுவதால் மயக்கம் நேர்கிறது.) இல்லறத்தார்க்கும் விலக்கப்பட்ட சங்கற்ப இம்சை இத்தகையது. தூண்டிய தாயும் வினையில் பங்குற்றாள். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினைக்கு வாயில்களே.

இன்னும் ஓரடி உள்ளே செல்லலாம். முதல் நாள் இரவு உருவிய வாள் எங்கே போயிற்று? சினத்தை அடக்கினான், ஆனால் அது அவியவில்லை. கனவென்று பெயரிட்டு ஒளித்த அச்சினமே மாக்கோழியின் கழுத்தைத் தேடிற்று என்று நாம் கருதுகிறோம். நூல் இதனை வெளிப்படையாகக் கூறவில்லை. எனினும் வாளுக்கும் கனவுக்கும் பலிக்கும் இடையே நின்று சிந்திப்பார்க்கு இது புலப்படாமற் போகாது.

இக்காலப் பிள்ளைகள் கைப்பேசித் திரையில் எதிரிகளைச் சுட்டு வீழ்த்தி விளையாடுகின்றனர். கருவியைப் பிடுங்குவதில் பயனில்லை. ஒரு மாலை, பொழுது சாயுமுன் உணவு முடித்து, யசோதரன் வாளேந்தும் இடம்வரை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அங்கே நூலை மூடி, அவன் உள்ளத்தில் அப்பொழுது என்ன இருந்தது என்று கேளுங்கள். விடையை நீங்கள் கூற வேண்டா. தாத்தா பாட்டியரும் உடனிருந்தால் நன்று. சந்திரமதியைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல ஏதேனும் இருக்கும்.