மழையைக் கேட்டுத் தேதி குறி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. கோடை விடுமுறையில் குடும்பத்தோடு கென்யாவுக்கு சஃபாரி போகலாம், ஏப்ரலில் எல்லாம் மலிவு என்று எழுதியிருந்தாய். ஏன் மலிவு என்று கேட்டாயா? மார்ச் முதல் மே வரை அங்கே பெருமழைக் காலம். சுவாஹிலியில் ‘மசிக்கா’ என்பார்கள். மாசாய் மாரா சரணாலயத்தில் பல இடங்களில் நம் கோவில்பட்டிப் பக்கம்போலக் கரிசல் மண். நல்ல மழை பெய்தால் ஜீப் அச்சு வரை இறங்கிவிடும். புல்லும் உயர்ந்து நிற்கும். பத்தடியில் சிங்கம் படுத்திருந்தாலும் தெரியாது.

அதனால் எந்தப் பூங்கா என்று தொடங்காதே, எந்த மாதம் என்று தொடங்கு. மழைக்குப் பின்னால் புல், புல்லுக்குப் பின்னால் விலங்கு. அங்கே கணக்கு அவ்வளவுதான். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வைல்டுபீஸ்டுகள் பிப்ரவரி வாக்கில் தான்சானியாவில், செரெங்கெட்டியின் தெற்கே கன்று ஈனுகின்றன. அங்கே புல் காய்ந்ததும் வடக்கே நகர்ந்து, ஜூலை முதல் அக்டோபர் வரை மாரா ஆற்றுப் பக்கம் மேய்கின்றன. உன் காலாண்டு விடுமுறை இதற்குள்தானே வருகிறது!

அந்த ஆற்றங்கரையில் ஒருநாள் மூன்று மணி நேரம் வண்டிக்குள் காத்திருந்தேன். கூட்டம் கரைக்கு வரும். முன்னால் நிற்பது தண்ணீரை முகரும். சட்டென்று மிரண்டு திரும்பும். புழுதி அடங்கியதும் மறுபடி வரும். ஓட்டுநர் இஞ்சினை அணைத்துவிட்டு, “போலே போலே” என்றார். மெல்ல மெல்ல என்று அர்த்தம். அடுத்த பூங்காவுக்கு நேரமாகிறது என்று பக்கத்து வண்டி கிளம்பிப் போனது. அரைமணி கழித்து ஒன்று குதித்தது. பிறகு வெகுநேரம் கொம்புகள்தான் தெரிந்தன, தண்ணீர் தெரியவில்லை.

ஆகவே ஐந்து நாளில் நான்கு பூங்கா வேண்டாம். நைரோபியிலிருந்து மாராவுக்குச் சாலையில் ஐந்தாறு மணி நேரம். போனால் மூன்று இரவாவது தங்குங்கள். ஜூலை முதல் அக்டோபர் வரை சுற்றுலாக் கூட்டம் அதிகம், அறையை முன்கூட்டியே பிடித்துவிடு.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடலாம். பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். அது இல்லாமல் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே பிடித்து, ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். மலேரியா மாத்திரைக்கு டாக்டரைக் கேள். ஸ்வெட்டர் கட்டாயம்: மாரா ஏற்காடு அளவு உயரம், விடிகாலையில் பல் கிட்டும்.

அக்கா முறுக்கைப் பாலித்தீன் பையில் கட்டித் தராமல் பார்த்துக்கொள். கென்யாவில் 2017 முதல் அதற்குத் தடை. எவர்சில்வர் டப்பாவில் கொண்டு போ. ஆற்றங்கரையில் காத்திருக்கும்போது உதவும்.

அன்புடன்,
மாமா