குழையும் இலையும் ஒன்றா?

அவனியாபுரத்தில் ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு ‘எங்கள் வீட்டு ஆடு’ என்னும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: “பள்ளி விட்டதும் அப்பத்தாவோடு போய், கொப்பை வளைத்து ஆட்டுக்குக் குழை ஒடித்து வருவேன்.” கொப்பு, குழை ஆகிய இரண்டு சொற்களையும் சிவப்பு மையால் வட்டமிட்டேன். மேலே ‘கிளை’, ‘இலை’ என்று எழுதி, பக்கத்தில் ‘பேச்சு வழக்கைத் தவிர்க்க’ என்றும் குறித்தேன்.

மறுநாள் அவள் என் மேசைக்கு அருகில் வந்து தயங்கி நின்றாள். “ஐயா, இலைன்னா ஒண்ணொண்ணா இருக்கும். குழைன்னா கொழுந்து, குச்சியோட கொத்தா இருக்கும். ஆட்டுக்கு இலை இலையாப் பறிச்சா போட முடியும்?” என்றாள். என்னிடம் பதில் இல்லை.

மரபியல் சொன்ன பதில்

அன்று மாலை தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி இயலான மரபியலை எடுத்துப் பார்த்தேன். புறத்தே வயிரம் உடையவை புல், அகத்தே வயிரம் உடையவை மரம் என்று அங்கே ஒரு பிரிவு உண்டு. தோடு, மடல், ஓலை, ஏடு, இதழ், பாளை, ஈர்க்கு, குலை ஆகியவை புல்லின் உறுப்புகள். இலை, தளிர், முறி, தோடு, சினை, குழை, பூ, அரும்பு, நனை ஆகியவை மரத்தின் உறுப்புகள்.

நான் வட்டமிட்ட ‘குழை’ அந்தப் பட்டியலில் இலைக்குப் பக்கத்திலேயே தனிச் சொல்லாக நிற்கிறது. ‘கொப்பு’ எங்கே என்று தேடவும் வேண்டியிருக்கவில்லை. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் உள்ள ‘தமிழ்ச்சொல் வளம்’ கட்டுரையில் தேவநேயப் பாவாணர் கிளைப் பிரிவுகளை ஏழு படிகளாகத் தருகிறார். அடிமரத்திலிருந்து பிரிவது கவை. அதிலிருந்து கொம்பு அல்லது கொப்பு, பிறகு கிளை, சினை, போத்து, குச்சு, கடைசியாக இணுக்கு. கொப்பு வேறு, கிளை வேறு. நான் பத்தாம் வகுப்புக்கும் பாடம் எடுத்தவன். அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லி மதிப்பெண் கொடுத்த அதே கைதான் ஏழாம் வகுப்பில் அந்தச் சொல்லை அடித்திருக்கிறது.

கற்பனை மொழியில் ஒரு மரம்

அதே வாரத்தில் இன்னொரு மாணவன், “ஐயா, ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படத்துல எல்ஃபுங்க பேசுறது எந்த ஊரு மொழி?” என்று கேட்டான். அது எந்த ஊர் மொழியும் அன்று. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டோல்கீன் தம் கதைமாந்தர்களுக்காக உருவாக்கியது. குவென்யா, சிந்தாரின் என்று ஒன்றுக்கொன்று உறவுள்ள மொழிகளை ஒலி மாற்றங்களோடும் வேர்ச்சொற்களோடும் அவர் அமைத்தார்.

அவற்றில் மரத்துக்கு உள்ள சொற்களைத் தேடிப் படித்தபோது வியந்தேன். ‘ஓர்னே’ என்பது நெடிதாக, ஒல்லியாக, நேராக உயரும் மரம். மேலெழுதல் என்னும் பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. ‘கலதா’ என்பது ஓக் மரம்போலப் பருத்துப் பரந்த மரம். வளர்தல் என்னும் பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. ஆனால் இந்த வேறுபாடு நிலைக்கவில்லை என்றும் டோல்கீன் எழுதி வைத்திருக்கிறார். அவர் 1973இல் மறைந்தபின் அவருடைய மகன் தொகுத்து 1980இல் வெளியிட்ட நூலில் அந்தக் குறிப்பு உள்ளது. சிந்தாரின் மொழியில் காலப்போக்கில் எல்லா மரமும் ‘கலத்’ ஆகிவிட்டது. ‘ஓர்ன்’ பேச்சிலிருந்து மறைந்து, பாட்டிலும் பெயர்களிலும் மட்டும் தங்கியது. படத்தில் நடந்து வருகிற மரத்தின் பெயரான ஃபங்கோர்னில் ஒட்டியிருப்பது அந்த ‘ஓர்ன்’தான்.

இல்லாத ஒரு மொழிக்குக்கூடச் சொல் தேய்கிற கதையை ஒருவர் யோசித்திருக்கிறார். இருக்கிற மொழியில் அந்தத் தேய்மானம் வகுப்பறையில், என் சிவப்பு மையிலேயே நடக்கிறது. எல்லாமே இலை, எல்லாமே கிளை, எல்லாமே ‘பெரிய மரம்’.

மரத்தடியில் மூன்று பாடவேளை

எங்கள் வளாகத்தில் ஒரு வேம்பும், ஓரத்தில் ஒற்றைப் பனையும் இருந்தன. இந்த இரண்டை வைத்தே மூன்று பாடவேளைகளைத் திட்டமிட்டேன்.

முதல் பாடவேளை பார்ப்பதற்கு. இரண்டு மரங்களையும் பற்றி ஆளுக்கு ஐந்து வரிகள். ஒரே நிபந்தனை, ‘பெரிய’ என்ற சொல் வரக்கூடாது. முதலில் திணறினார்கள். பிறகு சொற்கள் வந்தன. பனை ‘நட்டுக்குத்தலா’ நிற்கிறது, ‘நெட்டையா’ இருக்கிறது. வேம்பு ‘சடைத்து’ இருக்கிறது, ‘கவிஞ்சு’ கிடக்கிறது, ‘குடை பிடிச்ச மாதிரி’ இருக்கிறது. எதையும் திருத்தாமல் கரும்பலகையில் எழுதினேன்.

இரண்டாம் பாடவேளை அளப்பதற்கு. கணித ஆசிரியரும் சேர்ந்துகொண்டார். 1 மீட்டர் கோலை நிலத்தில் நேராக நிறுத்தி, அதன் நிழலை அளந்தோம். 50 செ.மீ. இருந்தது. அதே நேரத்தில் பனையின் நிழல் 6 மீட்டர். எனவே பனையின் உயரம் 12 மீட்டர். வேம்புக்கு 9 மீட்டர் வந்தது. பிறகு மேற்பரப்பின் அகலத்தையும் அளந்தோம். பனைக்கு ஏறத்தாழ 5 மீட்டர், வேம்புக்கு 11 மீட்டர். ‘எது பெரிய மரம்?’ என்று கேட்டேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. ‘பெரிய’ என்ற சொல் இந்த இடத்தில் போதவில்லை என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் பாடவேளை சொல்லுக்கு. நெடு, உயர், ஓங்கு என்ற மூன்றையும் எடுத்துக்கொண்டோம். ‘நெடு’ நீளத்தையும் குறிக்கும், உயரத்தையும் குறிக்கும். நெடுஞ்சாலை படுத்திருக்கிறது, நெடுமரம் நிற்கிறது, நெடுநாள் காலத்தில் நீள்கிறது. ‘உயர்’ என்பது தரையிலிருந்து மேலே இருப்பது. மேடை உயர்ந்தது, ஆனால் நெடியதன்று. ‘ஓங்கு’ என்பதில் மேலெழும் அசைவு இருக்கிறது. மரம் ஓங்கி வளரும், அடிக்க வருபவன் கையை ஓங்குவான். ‘ஓங்கல்’ என்றால் மலை. நெட்டிலிங்க மரத்தின் பெயரில் ‘நெட்டு’ ஏன் வந்தது என்பதை ஒரு மாணவனே சொன்னான்.

அறிவியலுக்கும் ஒரு வாசல்

பனை நம் மாநில மரம். மரபியல் கணக்கில் அது புல். இதை அறிவியல் பாடவேளையில் சொன்னதும் மாணவர்கள் சிரித்தார்கள். ஆனால் பனைமரத்தை அறுத்த வெட்டுமுகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஓரம் கருத்துக் கெட்டியாக இருக்கும், நடுப்பகுதி மெத்தென்று நார்நாராக இருக்கும். இன்றைய தாவரவியலில் பனை புல் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. மூங்கில்தான் உண்மையில் புல் குடும்பம். ஆயினும் இரண்டுமே ஒருவித்திலைத் தாவரங்கள். வேம்பு இருவித்திலைத் தாவரம். பழைய பிரிவும் புதிய பிரிவும் அப்படியே பொருந்துகின்றன என்று கற்பிக்க வேண்டாம். இரண்டும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்று மாணவர்களைத் தேடவிடலாம்.

தொடக்க வகுப்புகளில் இதையே எளிதாகச் செய்யலாம். வேப்பிலை, தென்னங்கீற்று, சோளத்தோகை ஆகிய மூன்றையும் கையில் கொடுத்து, ‘உங்கள் வீட்டில் இதை என்ன என்று சொல்வார்கள்?’ என்று கேட்டால் போதும். ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று பெயர்கள் வந்தால் எல்லாவற்றையும் எழுதுங்கள். எது சரி என்று உடனே தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

எழுத்துத் தமிழைக் கற்பிப்பது நம் கடமை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ‘ஒண்ணு’ என்று எழுதினால் ‘ஒன்று’ என்று திருத்துவேன். ஆனால் உச்சரிப்பு மாறிய சொல் வேறு, நமக்குத் தெரியாத சொல் வேறு. இரண்டாவதை அடிப்பதற்குமுன் அகராதியைப் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் அதை எழுதிய குழந்தையைக் கேட்க வேண்டும். இப்போது எனக்குத் தெரியாத சொல் வந்தால் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் இடுகிறேன்.

அந்த மாணவியின் ஏட்டை மறுபடி வாங்கி, என் இரண்டு வட்டங்களையும் அடித்து, ‘நீ எழுதியதே சரி’ என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். அதை அவள் அப்பத்தாவிடம் காட்டினாளாம். மறுநாள் வந்து சொன்னாள்: “ஐயா, அப்பத்தாவுக்கு இன்னும் நிறையச் சொல்லு தெரியுமாம். எழுதிட்டு வரவா?”