சைக்கிள் பிறேக்: வீட்டில் வைத்திருக்க வேண்டிய கருவிகள்

சொந்தக் காணிக்குத் திரும்பிய பின் பாடசாலை, சந்தை, பிரதேச செயலகம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் உங்களைக் கொண்டுபோவது சைக்கிள்தான். 1990களில் எரிபொருள் தடை இருந்தபோது குடாநாடே சைக்கிளில் ஓடியது. உதிரிப்பாகம் கிடைக்காத அந்த நாட்களில் இருந்ததைத் திருத்தியே பாவித்தோம். அந்தப் பழக்கம் இப்போதும் உதவும்.

மீளக்குடியேறிய கிராமங்களில் சைக்கிள் கடை பக்கத்தில் இருப்பதில்லை. அதனால் பிறேக் தளர்ந்தாலும் "பிறகு பார்ப்போம்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் கரியரில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு பலாலி வீதியில் பஸ்ஸுக்கும் லொறிக்கும் அருகே போகும்போது, உங்களை நிறுத்த அந்தப் பிறேக் மட்டுமே உண்டு.

வாங்குமுன்

உங்கள் சைக்கிளில் இருப்பது கம்பிப் பிறேக்கா, வயர் பிறேக்கா என்று பாருங்கள். பழைய இங்கிலாந்துச் சைக்கிள்களின் நட்டுகள் அங்குல அளவில் இருக்கும். புதியவை மில்லிமீற்றர் அளவில் இருக்கும். ஆகவே சுன்னாகம், நெல்லியடி, சாவகச்சேரி போன்ற இடங்களில் இரும்புக்கடைக்குப் போகும்போது சைக்கிளையும் கொண்டுபோங்கள். ஸ்பனரை நட்டில் போட்டுப் பாருங்கள். ஆடினால் வாங்க வேண்டாம். ஆடும் ஸ்பனர் நட்டின் மூலைகளை மழுக்கிவிடும். பிறகு எந்த ஸ்பனரும் பிடிக்காது.

இவை போதும்

1. ஸ்பனர் இரண்டு. ஒன்றால் போல்ட்டைப் பிடித்து மற்றதால் நட்டைத் திருக வேண்டும். ஒரு முனை வளையமாக உள்ளது நல்லது. வளையம் ஆறு மூலைகளையும் பிடிக்கும்.
2. குறடு. மூடி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். வாயின் நுனியில் இடைவெளி தெரியக்கூடாது, மூட்டு ஆடக்கூடாது. வயரை இழுத்துப் பிடிக்க இது வேண்டும்.
3. ஸ்குறூ டிறைவர். நுனி சதுரமாகவும் கூராகவும் இருக்க வேண்டும்.
4. ஒரு துண்டு அரத்தாள். மினுங்கிப்போன பிறேக் கட்டையை உரஞ்சுவதற்கு.

மலிவான பெரிய பெட்டியில் இருபது கருவிகள் வாங்குவதைவிட, அதே காசுக்கு இந்த நாலையும் தரமாக வாங்குங்கள். குரோம் வனேடியம் உருக்கில் செய்த ஸ்பனர் இலகுவில் விரியாது. பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

கறள்

மயிலிட்டி, ஊறணி, காங்கேசன்துறை போன்ற கரையோரங்களில் உப்புக்காற்று இரும்பை விரைவில் தின்றுவிடும். வேலை முடிந்ததும் கருவிகளைத் துடைத்து, தையல் மெசின் எண்ணெய் மெல்லியதாகப் பூசி, துணியில் சுற்றித் தகரப்பேணியில் வையுங்கள். மண் தரையில் போடாதீர்கள். றிம்மிலும் பிறேக் கட்டையிலும் எண்ணெய் படக்கூடாது. பட்டால் பிறேக் வழுக்கும்.

கிழமைக்கு ஒருமுறை

1. பிறேக்கை இறுகப் பிடித்துச் சைக்கிளைத் தள்ளுங்கள். சில்லு உருளக்கூடாது. பிடி ஹாண்டிலில் முட்டக்கூடாது.
2. கட்டைக்கும் றிம்முக்கும் இடையில் இரண்டு, மூன்று மில்லிமீற்றர் இடைவெளி இருக்கட்டும். கட்டை ரயரில் தொடக்கூடாது.
3. கட்டையில் உள்ள கோடுகள் தேய்ந்து மறைந்தால் மாற்றுங்கள்.
4. வயரில் ஓர் இழை அறுந்திருந்தாலும் முழு வயரையும் மாற்றுங்கள்.
5. திருத்திய பின் வளவுக்குள் மெதுவாக ஓடிப் பார்த்த பின்னரே வீதிக்கு எடுங்கள்.

கவனம்

கருவி இல்லையென்று காணியில் கிடக்கும் இரும்புத்துண்டு, குழாய், கம்பி எதையும் எடுத்துப் பாவிக்காதீர்கள். நீண்டகாலம் ஆளில்லாமல் கிடந்த வளவுகளில் வெடிக்காத பொருட்கள் இருக்கலாம். சந்தேகமான பொருளைத் தொடாமல், வந்த வழியே திரும்பிச் சென்று கிராம அலுவலரிடம் அல்லது பொலிசாரிடம் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

ஒவ்வொரு வீடும் தனித்தனியே வாங்க வேண்டியதில்லை. அயலில் நாலு வீடு சேர்ந்து ஒரு தொகுதி வாங்கி, பொறுப்பை ஒருவரிடம் கொடுக்கலாம். சனிக்கிழமை காலையில் எல்லாச் சைக்கிள்களையும் ஒன்றாகப் பார்த்தால், திங்கட்கிழமை பிள்ளைகள் பயமின்றிப் பாடசாலை போகலாம்.