பெட்டியைத் திறப்பதற்கு முன்

அன்புள்ள தங்கைக்கு,

படிப்பை முடித்த கையோடு ஸ்ரீரங்கத்தில் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்கிறாய் என்று கேள்விப்பட்டபோது மனம் நிறைந்தது. சிறுநீர்க் கசிவு உள்ள பெண்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் மின்தூண்டல் கருவி ஒன்றை வாங்கப்போவதாகவும், யாருக்கு எந்த அளவு வைப்பது என்றும் கேட்டிருக்கிறாய். அளவுகளைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. உன்னைப் போன்ற மற்றப் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று இதைப் பொதுக் கடிதமாகவே எழுதுகிறேன்.

சிறுநீர்க் கசிவு உள்ளவர் அதைச் சொல்லி உன்னைக் கூப்பிட மாட்டார். முழங்கால் வலி என்றுதான் கூப்பிடுவார். நீயும் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருப்பாய். பேச்சுவாக்கில், “இப்பல்லாம் கோயிலுக்குப் போறதில்லம்மா” என்பார். ஸ்ரீரங்கத்தில் இந்த வாக்கியத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதே. சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் வாழ்ந்து முதிர்ந்த பெண்களுக்குப் பெருமாள் சேவை என்பது நாளின் ஒரு பகுதி. வைகுண்ட ஏகாதசிக்கு மணிக்கணக்காக வரிசையில் நின்றவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர் போவதை நிறுத்திவிட்டார் என்றால் கால் வலி மட்டும் காரணமாக இருக்காது. சந்நிதியில் நிற்கும்போது இரண்டு சொட்டு கசிந்துவிட்டால் தீட்டாகிவிடுமே என்ற பயம் அவரை வீட்டோடு கட்டிப்போட்டிருக்கும். அதை மகளிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார்.

ஆகவே நீதான் கேட்க வேண்டும். மருமகள் அறையை விட்டுப் போனபிறகு, சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கும் அதே குரலில் கேள். “இருமினா, தும்மினா, கீழே இருந்து எழுந்தா ஒன்னுக்கு கசியுதா?” என்பது ஒரு கேள்வி. “வருதுன்னு தோணினா பாத்ரூம் போறதுக்குள்ள போயிடுதா?” என்பது இன்னொன்று. உத்தர வீதியில் மாமி என்றும் உறையூரில் அக்கா என்றும் அழைத்து, இந்தச் சொற்களிலேயே கேள். பாடப்புத்தகச் சொற்களைக் கொண்டுபோனால் “அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்த இரண்டு கேள்விகளும் இரண்டு வேறு கோளாறுகளைப் பிரித்துக் காட்டுபவை. முதலாவது அழுத்தக் கசிவு; வயிற்றில் அழுத்தம் கூடும்போது சிறுநீர்ப் பாதையை இறுக்கிப் பிடிக்க வேண்டிய இடுப்புத் தளத் தசை தளர்ந்துபோனதால் வருவது. பிரசவங்கள், மாதவிடாய் நின்றபின் வரும் மெலிவு, நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், பாரம் தூக்குவது எல்லாம் இதற்கு வழி வகுக்கும். இரண்டாவது அவசரக் கசிவு; சிறுநீர்ப்பை நிறைவதற்கு முன்பே தானாகச் சுருங்கத் தொடங்குவதால் வருவது. இரண்டும் சேர்ந்தும் இருக்கும். எது எது என்று தெரியாமல் கரண்ட் வைப்பது, காய்ச்சல் எதனால் என்று பார்க்காமல் ஊசி போடுவதற்குச் சமம்.

இது முதியவர்களின் நோய் என்றும் நினைத்துவிடாதே. திருச்சி என்.எஸ்.பி. சாலை ஜவுளிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றே வேலை செய்யும் பெண்களைப் பார்த்திருப்பாய். விற்பனையாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டம் திருத்தியது. நாற்காலி வந்த கடைகளிலும், கூட்டம் மொய்க்கும் தீபாவளி நாட்களில் கழிப்பறைக்குப் போய்வர நேரம் கிடைப்பதில்லை. தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். திருச்சி வெயிலில் அப்படி இருந்தால் சிறுநீர் அடர்ந்து, எரிந்து, தொற்றும் வந்து, சிறுநீர்ப்பை இன்னும் பதறும். இரண்டு பிரசவம் முடித்து, முப்பத்தைந்து வயதில் இப்படித் தவிக்கும் பெண்ணுக்கு நீ செய்யக்கூடியது ஏராளம். அவள் உடல் சீக்கிரம் கற்றுக்கொள்ளும்.

அடுத்து, தசையைப் பார். 1948இல் ஆர்னால்ட் கீகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் இந்தத் தசைக்கான பயிற்சியை எழுதியபோது, அழுத்தம் காட்டும் கருவி ஒன்றையும் உள்ளே வைத்துத்தான் கற்றுக்கொடுத்தார். பிற்காலத்தில் அந்தப் பரிசோதனை உதிர்ந்துபோய், “இறுக்குங்கள், விடுங்கள்” என்ற துண்டுச்சீட்டு மட்டும் மிஞ்சியது. 1991இல் வந்த ஓர் ஆய்வில், வாய்மொழியாக மட்டும் சொல்லிக்கொடுக்கப்பட்ட 47 பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர்தான் சரியாகச் செய்தார்கள். கால்வாசிப்பேர் கீழ்நோக்கி முக்கினார்கள். அப்படி முக்குவது கசிவை அதிகப்படுத்தவே செய்யும். அதனால் முறையான பயிற்சி பெற்று, அவர் முழுச் சம்மதம் தந்த பின், விரலால் சோதித்து 0 முதல் 5 வரை பலத்தைக் குறித்துக்கொள். இன்னும் அந்தப் பயிற்சி பெறவில்லை என்றால் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்கு அனுப்பு. வெட்கப்பட வேண்டியதில்லை. பாதியில் சிறுநீரை நிறுத்திப் பழகச் சொல்லும் பழைய வழக்கத்தை மட்டும் விட்டுவிடு. அது பையை முழுதாகக் காலியாக விடாது.

இறுக்கத் தெரிந்த பெண்ணுக்கு மின்தூண்டல் பெட்டி தேவையில்லை. இதைத் தயங்காமல் சொல்கிறேன். நார்வேயில் கரி பூ குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், அழுத்தக் கசிவுக்கு மேற்பார்வையோடு செய்த பயிற்சி, மின்தூண்டலைவிடத் தெளிவாக மேலான பலன் தந்தது. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2019இல் தந்த வழிகாட்டுதலும் அதையே பின்பற்றுகிறது. குறைந்தது 8 முறை இறுக்குவது, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம், அதுவும் ஒருவர் மேற்பார்வையில். மின்தூண்டலை வழக்கமாகச் சேர்க்க வேண்டாம், தானாக இறுக்கவே முடியாத பெண்களுக்கு யோசிக்கலாம் என்கிறது. அந்தப் பெண்கள்தான் உன் பெட்டிக்கு உரியவர்கள். உன் விரலடியில் ஒன்றுமே அசையாதவர்கள், அல்லது மின்னல்போல ஒரு துடிப்போடு நின்றுவிடுபவர்கள். பேட்டரி இறங்கிய வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்வதுபோலத்தான் இது. என்ஜின் ஓடத் தொடங்கியதும் தள்ளுவதை நிறுத்திவிட வேண்டும்.

இனி அளவுகள். 1963இல் கே.பி.எஸ். கால்டுவெல் என்ற இங்கிலாந்து அறுவை மருத்துவர் மின்முனையை உடலுக்குள்ளேயே பொருத்திச் சுருக்குத்தசையை இயக்கிக் காட்டினார். இன்று உள்ளங்கைக்குள் அடங்கும் பேட்டரிப் பெட்டியும் உள்ளே வைக்கும் ஒரு புரோப்பும் போதும். மின்சாரம் தசையை நேராக இயக்குவதில்லை. சாக்ரல் 2, 3, 4 வேர்களிலிருந்து வரும் புடெண்டல் நரம்பைத் தூண்டுகிறது, நரம்பு தசையைச் சுருக்குகிறது. நரம்பு முற்றிலும் அறுந்திருந்தால் எவ்வளவு கூட்டினாலும் பயன் இல்லை. அழுத்தக் கசிவுக்கு 35 முதல் 50 ஹெர்ட்ஸ், துடிப்பகலம் 200 முதல் 300 மைக்ரோ விநாடி. 5 விநாடி கரண்ட் என்றால் 10 விநாடி ஓய்வு, ஏனென்றால் இந்த வேகத்தில் தளர்ந்த தசை சீக்கிரம் களைத்துவிடும். 15, 20 நிமிடம் போதும். கரண்ட் வரும் ஒவ்வொரு முறையும் அவரும் சேர்ந்து இறுக்க வேண்டும். படுத்துக்கொண்டு டிவி பார்த்தபடி வைத்துக்கொண்டால் பெட்டி வேலை செய்யும், அவர் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார். மில்லி ஆம்பியர் எண்ணை நம்பாதே. வலி இல்லாமல் தெளிவாக இழுக்கும் இடத்தில் நிறுத்து.

அவசரக் கசிவுக்கு வேறு அளவு. 10 ஹெர்ட்ஸ் அளவில் தூண்டும்போது நரம்பு வழியே மேலே போகும் செய்தி, சிறுநீர்ப்பையின் சுருக்கத்தை முதுகுத்தண்டிலேயே அடக்கப் பார்க்கும். உள்ளே எதையும் வைக்கச் சம்மதிக்காத, அல்லது வறட்சியால் வைக்க இயலாத முதிய பெண்களுக்குக் கணுக்கால் வழி ஒன்று உண்டு. உள் கணுக்காலுக்குச் சற்றுப் பின்னால் ஒரு பேட், அதற்கு 10 செ.மீ. மேலே இன்னொன்று. சாதாரண டென்ஸ் கருவியே போதும்: 20 ஹெர்ட்ஸ், 200 மைக்ரோ விநாடி, 30 நிமிடம். உள்ளங்காலில் சுருசுருப்போ கட்டைவிரலில் அசைவோ வந்தால் இடம் சரி. கொலுசைக் கழற்றச் சொல்ல மறக்காதே. இந்த முறையில் கணுக்கால் அருகே ஊசி குத்தித் தூண்டும் வழிக்கு இருக்கும் சான்று, பேட் ஒட்டும் வழிக்கு அந்த அளவு இல்லை. பேட் ஒட்டும் வழியை நைஸ் 2019இல் பரிந்துரைக்கவில்லை. அதை அவரிடம் அப்படியே சொல். ஆயினும் சிறுநீர்ப்பையை அடக்கும் மாத்திரைகளால் வாய் வறண்டு, மலம் இறுகி, நினைவும் குழம்பும் எண்பது வயதுக்காரருக்கு, மருத்துவர் ஒப்புதலோடு 12 வாரம் முயன்று பார்ப்பது நியாயம் என்றே கருதுகிறேன். அதற்கும் முன்னால் 6 வாரம் சிறுநீர்ப்பைக்கு இடைவெளி பழக்கு. எத்தனை மணிக்குப் போனார், எத்தனை டம்ளர் குடித்தார், எப்போது கசிந்தது என்று மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதச் சொல். நாலாவது டம்ளர் பில்டர் காபி அந்த நோட்டில்தான் அகப்படும். வேளை மாறிப்போன நீர் மாத்திரையும் அப்படியே.

யாருக்கு வைக்கக் கூடாது என்பதை மனப்பாடமாக வைத்துக்கொள். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர், கர்ப்பிணி, தொற்று இருப்பவர், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர், இடுப்புப் பகுதியில் புற்றுநோய் உள்ளவர். பிரசவமாகி 6 வாரம் ஆகாதவருக்கும் வேண்டாம். நீண்டநாள் சர்க்கரையால் உணர்ச்சி மரத்தவருக்குத் தோல் புண்ணானால்கூடத் தெரியாது, மிகுந்த கவனம் தேவை. சிறுநீரில் இரத்தம், கழித்த பின்னும் பை நிறைந்தே இருப்பது, இரவும் பகலும் நிற்காத ஒழுக்கு, திடீரென்று கால் பலவீனத்தோடு வந்த கசிவு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பெட்டியை மூடிவிட்டு அன்றே மருத்துவரிடம் அனுப்பு. புராஸ்டேட் அறுவைக்குப் பின் கசிவோடு தனித்திருக்கும் ஆண்களும் ஸ்ரீரங்கத்தில் உண்டு. அவர்களுக்கும் முதல் மருந்து பயிற்சிதான்.

சில வீடுகளில் உனக்கு முன்பே பெட்டி வந்து சேர்ந்திருக்கும். வெளிநாட்டிலிருக்கும் மகன் ஆன்லைனில் வாங்கி அனுப்பியிருப்பார். வீடியோ காலில் அவர் பார்த்துக்கொண்டிருக்க, “வெச்சு விட்டுடுங்க மேடம்” என்பார். அம்மாவின் உடலைப் பற்றிய பேச்சை அம்மாவோடு மட்டும் வைத்துக்கொள்வதாக அவரிடம் பணிவாகச் சொல். புரோப் ஒருவருக்கு ஒன்றுதான். மாமியாரும் மருமகளும் பகிர்ந்துகொள்ளக் கூடாது. சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, நிழலில் உலர்த்தி, தனி டப்பாவில் வைக்கச் சொல். தடவுவதற்கு நீரில் கரையும் ஜெல் மட்டுமே, தேங்காய் எண்ணெய் கூடாது. எண்ணெய் கரண்ட்டைக் கடத்தாது, உள்ளே தங்கித் தொல்லையும் தரும். கருவியை விற்றுக் கமிஷன் வாங்கும் ஏற்பாடு எதிலும் சேராதே. அதில் சேர்ந்துவிட்டால், தேவையில்லை என்று ஒரு பெண்ணிடம் சொல்லும் துணிவு உனக்கு வராது. நாலைந்து பெட்டிகளை நீயே வைத்துக்கொண்டு, தேவைப்பட்டவருக்குப் புது புரோப் மட்டும் வாங்கச் சொல்லி, சில வாரங்களுக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கு. தானே இறுக்கப் பழகிய பிறகு பெட்டி அந்த வீட்டில் இருக்கவே கூடாது.

கடைசியாக ஒன்று. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதிலிருந்து பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டு வாசலுக்கே போகிறார்கள். அந்தத் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் இருக்கிறது. கசிவு பற்றிய அந்த இரண்டு கேள்விகளைக் கேட்க அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. அதே தெருவின் பெண்கள், அடுப்படி வரை போகும் உரிமை உள்ளவர்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைப் பார்த்து, அவர்களுடைய அடுத்த கூட்டத்தில் பத்து நிமிடம் கேள். என்ன கேட்க வேண்டும், யாரை உன்னிடம் அனுப்ப வேண்டும், யாரை நேராகப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துப் போ. எழுதியதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா