வென்ற அணியிடம் குறை தேடலாமா?

மாணவர்களே, காற்பந்து ஆட்டம் உள்ள சனிக்கிழமை இரவில் பத்து காஜா பட்டணத்துச் சாப்பாட்டுக் கடைகளைக் கவனித்திருக்கிறீர்களா? தொலைக்காட்சிக்கு முன்னால் நாற்காலிகள் நிறைந்திருக்கும். நம் அணி தோற்றால் கூட்டம் சீக்கிரம் கலைந்துவிடும். வென்றால்தான் வாக்குவாதம் தொடங்கும். "இந்தத் தற்காப்பை வைத்துக்கொண்டு அடுத்த ஆட்டத்தில் என்ன செய்யப்போகிறார்கள்?" என்று ஒருவர் கேட்பார். "ஜெயிச்சாச்சில்ல அண்ணே, அப்புறம் என்ன குறை?" என்பார் இன்னொருவர். தே தாரேக் ஆறிப்போகும்வரை இது ஓடும்.

இருவரில் யார் பக்கம் நியாயம்? இதைக் கணிதப் பாடத்தின் கேள்வியாகவே கேட்கலாம். ஒரு வெற்றி, அந்த அணியின் திறமையைப் பற்றி எவ்வளவு சொல்கிறது?

நம் மாநிலத்து ஆட்டம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2018 அக்டோபர் 27 அன்று ஷா ஆலம் அரங்கத்தில் மலேசியக் கிண்ண இறுதியாட்டம் நடந்தது. மெஹ்மெட் துராக்கோவிச் பயிற்றுவித்த பேராக் அணி திரெங்கானுவைச் சந்தித்தது. கூடுதல் நேரம் முடிந்தபோதும் 3-3 சமநிலை. பிறகு பினால்டி உதைகளில் பேராக் 4-1 என வென்றது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் கிண்ணம் பேராக்கிற்குத் திரும்பி வந்தது. ஈப்போவில் கொண்டாட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்!

இப்போது குறை சொல்பவரின் காதால் அந்த 3-3ஐக் கேளுங்கள். ஓர் இறுதியாட்டத்தில் மூன்று கோல்களை விட்டுக்கொடுத்த தற்காப்பு அது. பினால்டி உதைகள் வேறு மாதிரி போயிருந்தால், அதே 120 நிமிட ஆட்டத்தைப் பார்த்துவிட்டு "தற்காப்பால் கெட்டது" என்று எல்லாரும் பேசியிருப்பார்கள். ஆட்டம் அதேதான், கடைசிச் சில உதைகளின் முடிவு மட்டுமே வேறு. வெற்றி ஓர் அணியின் குறையைப் போக்குவதில்லை. நம் கண்ணிலிருந்து மறைக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் குறை சொன்னவரை அதற்குள் பாராட்டிவிட வேண்டாம். அந்த அணி 2021இல் சூப்பர் லீக்கிலிருந்தே கீழிறங்கியது. "அன்றே சொன்னேன்" என்று அவர் நெஞ்சை நிமிர்த்தலாம். ஆனால் அந்தச் சரிவுக்குப் பின்னால் பண நெருக்கடியும், ஆட்டக்காரர்கள் விலகிப் போனதும் இருந்தன. 2018இல் விட்ட மூன்று கோல்களையும் 2021இன் சரிவையும் ஒரே கயிற்றில் கட்டினால், அது கணிப்பு ஆகாது. நடந்து முடிந்ததற்குப் பிறகு சொல்லும் கதையாகிவிடும்.

காற்பந்தில் மட்டும் இந்தச் சிக்கல் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது? கோல்கள் மிகக் குறைவு என்பதால்தான். கூடைப்பந்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் பல பத்துப் புள்ளிகள் எடுக்கும். ஒன்றிரண்டு அதிர்ஷ்டப் புள்ளிகள் முடிவை அசைக்காது. காற்பந்தில் இரண்டு அணிகளும் சேர்ந்தே சராசரியாக மூன்று கோல்கூட அடிப்பதில்லை. தூணில் பட்டுத் திரும்பிய ஒரு பந்து போதும், முடிவு தலைகீழாகும்.

நம்பாவிட்டால் இரண்டு பகடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கோலை நோக்கி உதைக்கும் உதைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான் கோலாகிறது. இரண்டு பகடைகளை உருட்டினால் கூட்டுத்தொகை 5 வரும் நிகழ்தகவு 36இல் 4, அதாவது ஒன்பதில் ஒன்று. கிட்டத்தட்ட அதே அளவு. எனவே ஓர் உருட்டு என்றால் ஓர் உதை. கூட்டுத்தொகை 5 வந்தால் கோல். வலுவான அணிக்கு ஓர் ஆட்டத்தில் 15 உருட்டுகள், பலவீனமான அணிக்கு 9 உருட்டுகள் கொடுங்கள். பெரிய வித்தியாசம்தானே? எந்த ரசிகரும் 15 உதை உதைத்த அணியைத்தான் சிறந்தது என்பார்.

கணக்குப் போட்டால் இப்படி வருகிறது: நூறு ஆட்டங்களில் வலுவான அணி ஏறக்குறைய 53இல் வெல்லும், 25 சமநிலையில் முடியும், 22இல் பலவீனமான அணியே வெல்லும். அதாவது கிட்டத்தட்ட ஐந்துக்கு ஓர் ஆட்டத்தில் பலவீனமான அணி வென்றுவிட்டு வீடு திரும்பும். அன்றைய கோல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர் அதைத்தான் வலுவான அணி என்று எழுதுவார். ஈருறுப்புப் பரவலைப் படித்தவர்கள் அதைக் கொண்டு இந்த எண்களைத் தாங்களே சரிபார்க்கலாம். மற்றவர்கள் வகுப்பில் பத்துக் குழுக்களாகப் பிரிந்து ஆளுக்கு ஐந்து ஆட்டம் உருட்டினால் போதும், ஏறத்தாழ இதே படம் கிடைக்கும்.

கோலை எண்ணாமல் வாய்ப்பை எண்ணு என்று இன்றைய காற்பந்துப் புள்ளியியல் சொல்வது இதனால்தான். இந்த எண்ணம் நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. பத்து காஜாவைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தாத்தா, பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். வாளியில் எத்தனை லிட்டர் பால் என்பது முழுக் கணக்கு இல்லை. மழைநீர் கலந்தாலும் வாளி நிறையும். அந்தப் பாலில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்பதே முக்கியம். நல்ல பாலில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதை அறிய மெட்ரோலேக் என்ற கருவியைப் பாலில் மிதக்க விடுவார்கள். ரப்பர் நீரைவிட லேசானது. ஆகவே ரப்பர் அதிகமுள்ள பாலில் கருவி ஆழமாக இறங்கும். தண்ணீர் கலந்த பாலில் மேலே நிற்கும். (ஐந்தாம் படிவ இயற்பியலில் வரும் ஆர்க்கிமிடிஸ் தத்துவம் இதுவே.) கோல் எண்ணிக்கை வாளியின் லிட்டர் கணக்கு, உருவாக்கிய வாய்ப்புகளின் தரம்தான் ரப்பர். எல்லா வாய்ப்பும் சமமல்ல என்பதையும் மறக்கக் கூடாது. பினால்டி உதைகள் நான்கில் மூன்று உள்ளே போகும். பினால்டி கட்டத்துக்கு வெளியிலிருந்து உதைப்பவை நூற்றில் ஒரு சிலதான் போகும். ஒவ்வோர் உதைக்கும் இப்படி ஒரு நிகழ்தகவு கொடுத்துக் கூட்டினால் வருவதைத்தான் 'எதிர்பார்ப்புக் கோல்' என்று தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள்.

எண்ணத் தொடங்கிவிட்டால் போதுமா? போதாது. தவறாக எண்ணி ஒரு நாட்டின் ஆட்டத்தையே திசைதிருப்பிய கதை ஒன்று உண்டு. இங்கிலாந்து விமானப் படையில் கணக்காளராக இருந்த சார்ல்ஸ் ரீப், 1950 முதல் திடலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு பந்துப் பரிமாற்றத்தையும் தாளில் குறித்துவந்தார். 1968இல் பெர்னார்ட் பெஞ்சமின் என்ற புள்ளியியலாளருடன் சேர்ந்து, காற்பந்தில் திறமையும் தற்செயலும் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பத்து உதைக்கு ஒரு கோல் என்ற அளவு அவருடைய குறிப்புகளில் தெளிவாகத் தெரிந்தது. இன்னொன்றையும் கண்டார்: ஏறக்குறைய 80 விழுக்காட்டுக் கோல்கள், மூன்று அல்லது அதற்குக் குறைந்த பரிமாற்றங்களிலேயே விழுந்தன. ஆகவே சுற்றிச் சுற்றிக் கொடுக்காதே, நீளமாக முன்னே அடி என்றார். பல பயிற்றுநர்கள் நம்பினார்கள்.

ஓட்டை எங்கே? காற்பந்தில் ஓர் அணியிடம் பந்து வரும் தடவைகளில் நூற்றில் தொண்ணூறுக்கும் மேல் மூன்று பரிமாற்றங்களுக்குள்ளேயே முடிந்துவிடும். 90 பங்கு முயற்சியில் 80 பங்கு கோல். மீதி 10 பங்கு முயற்சியில் 20 பங்கு கோல். ஒரு முயற்சிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் நீண்ட பரிமாற்றமே இரு மடங்குக்கும் மேல் பலன் தந்திருக்கிறது! ரீப் பல ஆண்டுகள் பொறுமையாகத் தொகுதியை எண்ணினார். பகுதியைப் பார்க்க மறந்தார்.

இது இங்கிலாந்துப் பழங்கதை என்று விட்டுவிட முடியாது. நம் பள்ளித் திடலிலும் நடப்பதுதான். வென்றுகொண்டே வரும் ஒரு பள்ளி அணியைக் கற்பனை செய்யுங்கள். பருவம் முழுதும் அது விட்ட கோல்கள் 12. அவற்றில் 8 இடப்பக்கமாக வந்தவை, 4 வலப்பக்கமாக வந்தவை. இடது தற்காப்பு ஆட்டக்காரர்தான் பலவீனம் என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். அடுத்த வாரம் அந்த மூன்றாம் படிவ மாணவர் வெளியே உட்கார்ந்திருப்பார். யாராவது ஒருவர் எதிரணி எந்தப் பக்கம் எத்தனை முறை தாக்கியது என்றும் குறித்திருந்தால்? இடப்பக்கம் 80 தாக்குதல், வலப்பக்கம் 20 என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் பத்துக்கு ஒன்று கோலானது. வலப்பக்கம் ஐந்துக்கு ஒன்று. சுமையைத் தாங்கியவர்தான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டார். (20 தாக்குதல் என்பதும் சின்ன எண்தான். அதை வைத்து வலது ஆட்டக்காரரை உடனே வெளியே அனுப்பினால் அதே தவற்றை மறுபக்கமாகச் செய்கிறோம்.)

எண்ணிக்கை சரியாக இருந்தும் குறை வெளியே தெரியாத நிலை ஒன்றும் இருக்கிறது. ஜொகூர் டாருல் தாக்சிம் அணி 2014 முதல் 2023 வரை பத்து ஆண்டுகள் தொடர்ந்து சூப்பர் லீக்கை வென்றது. அதன் ரசிகர்களுக்கு இது பெருமை. அணியின் தற்காப்பைச் சோதிக்க நினைப்பவருக்கோ பெரிய சங்கடம். ஐந்து கிலோ வரை மட்டுமே காட்டும் தராசில் ஏழு கிலோவும் ஐந்துதான், பத்துக் கிலோவும் ஐந்துதான். எளிதான தேர்வுத் தாளில் வகுப்பே 95 மதிப்பெண் எடுத்தால் யாருக்கு எந்தப் பாடம் புரியவில்லை என்று ஆசிரியருக்கு எப்படித் தெரியும்?

கடினமான தாள் 2022இல் வந்தது. ஆசிய வெற்றியாளர் லீக்கில் ஜப்பானின் கவாசாகி புரோன்தாலே, தென்கொரியாவின் உல்சான் ஹியூண்டாய் ஆகியவை இருந்த குழுவில் ஜொகூர் முதலிடம் பிடித்தது. மலேசிய அணி ஒன்று அந்தச் சுற்றைத் தாண்டியது அதுவே முதல்முறை. குழு ஆட்டங்கள் ஜொகூரிலேயே நடந்தன. ஆகஸ்டு 19 அன்று ஜப்பானின் சைத்தாமாவில், உராவா ரெட்ஸ் அணியிடம் 0-5 எனத் தோற்றது. குழுவில் முதலிடம் பொய்யா, இந்த ஐந்து கோல் பொய்யா? இரண்டும் உண்மை. வேகமான அழுத்தத்துக்கு முன்னால், அதுவும் வேற்றுத் திடலில், அந்தத் தற்காப்பு என்ன செய்யும் என்பதை உள்நாட்டு ஆட்டங்கள் கேட்கவே இல்லை. ஆனால் பகடையை நினைவில் வையுங்கள்: ஒரே ஓர் ஆட்டத்தின் 0-5ஐக் கொண்டு அந்த அணி அவ்வளவுதான் என்று முடிவுகட்டுவதும், ஒரே ஒரு கிண்ணத்தைக் கொண்டு குறையே இல்லை என்பதும் ஒரே வகைப் பிழை.

உங்கள் பள்ளி அணி அடுத்து ஆடும்போது ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு திடலோரம் போங்கள். தாளில் திடலை வரைந்து இடம், நடு, வலம் என மூன்றாகப் பிரியுங்கள். எதிரணி தாக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பகுதியில் ஒரு கோடு போடுங்கள். அந்தத் தாக்குதல் உதையாக முடிந்தால் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம். கோலானால் வட்டத்துக்குள் ஒரு புள்ளி. கோடு போடுபவர் ஒருவர், பார்த்துச் சொல்பவர் ஒருவர் என இருவராகச் செய்வது நல்லது. தனியாகச் செய்தால் ஆட்டம் விறுவிறுப்பானதும் கோடு போட மறந்துபோகும். குறைந்தது ஐந்து ஆட்டங்களுக்குச் செய்யுங்கள், அணி வென்ற நாளிலும் விடாமல். ஒவ்வொரு பகுதியிலும் வட்டங்களைக் கோடுகளால் வகுத்து, வரும் எண்ணை உங்கள் பயிற்றுநரிடம் காட்டுங்கள்.