இலவச மென்பொருளுக்கும் நிபந்தனை உண்டு!

மாணவர்களே, ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்ட முடியும் என்பது உங்களுக்குத் தெரியுமா? விண்டோஸ் கணினியில் ஒரு மென்பொருளைத் திறந்து, அதற்குள் லினக்ஸை இயக்கலாம். இப்படி உள்ளே ஓடுவதை மெய்நிகர்க் கணினி என்கிறோம்.

இதற்கெனத் தனி வன்தட்டோ வலை அட்டையோ கிடையாது. அவை இருப்பதுபோல் காட்டுவது, அதை நடத்தும் மென்பொருள். அந்த மென்பொருளோடு உள்ளிருக்கும் லினக்ஸ் பேசுவதற்கு, டிரைவர் எனப்படும் இயக்கி நிரல் வேண்டும். அக்காலத்தில் பேரா ரப்பர் தோட்டங்களில் துரையின் கட்டளையைத் தொழிலாளர்களிடம் சேர்த்தவர்கள் கிராணியும் கங்காணியும். கணினிக்குள் அந்த இடையாள் வேலையைச் செய்வது இயக்கி.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. இடையில் நிற்கும் இயக்கிக்கு யாருடைய விதி பொருந்தும்?

லினக்ஸின் கருநிரல் 'ஜி.பி.எல். 2' என்ற திறந்த மூல உரிமத்தில் வருகிறது. அதை யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கலாம். ஆனால், அதைச் சேர்த்து உருவாக்கிய மென்பொருளைப் பிறருக்குக் கொடுத்தால், மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். நாமே வைத்துப் பயன்படுத்தினால் இந்தக் கடமை இல்லை.

2009இல் நடந்ததைப் பாருங்கள். மைக்ரோசாப்ட்டின் 'ஹைப்பர்-வி' மெய்நிகர்க் கணினியில் லினக்ஸ் ஓடுவதற்கான இயக்கிகளில், ஜி.பி.எல். நிரலும் மூடிய நிரலும் கலந்திருப்பதை ஸ்டீபன் ஹெமிங்கர் என்ற பொறியாளர் கண்டார். அவர் அதை லினக்ஸ் இயக்கிகளைக் கவனிக்கும் கிரெக் குரோவா-ஹார்ட்மனிடம் தெரிவித்தார். அவ்வாண்டு ஜூலையில் மைக்ரோசாப்ட் சுமார் 20,000 வரி இயக்கி நிரலை ஜி.பி.எல். உரிமத்தில் வெளியிட்டது. உரிமக் கடமைக்காக அப்படிச் செய்யவில்லை என்றும் அது கூறியது. எப்படியானாலும், அந்த நிரலை இன்று எவரும் படிக்கலாம்.

எல்லாச் சிக்கலும் இப்படித் தீர்வதில்லை. லினக்ஸ் இயக்கிகளைத் தன் மூடிய மென்பொருளோடு இணைத்ததாக, விஎம்வேர் நிறுவனத்தின்மீது நிரலாளர் கிறிஸ்டோப் ஹெல்விக் 2015இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வழக்குத் தொடுத்தார். எந்த வரிகள் அவருடையவை என்பது போதிய அளவு காட்டப்படவில்லை என்று கூறி, 2016இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 2019இல் மேல்முறையீடும் தோற்றது. அப்படி இணைப்பது சரியா தவறா என்ற முக்கியக் கேள்விக்கு விடை கிடைக்கவே இல்லை.

இது பெரிய நிறுவனங்களின் கதை மட்டுமன்று. பலரும் பயன்படுத்தும் 'வெர்ச்சுவல்பாக்ஸ்' மென்பொருளின் அடிப்படைத் தொகுப்பு ஜி.பி.எல். உரிமத்தில் வருகிறது. வெப்கேமரா இணைப்பு போன்ற வசதிகளைத் தரும் கூடுதல் தொகுப்புக்கு வேறு உரிமம். அது சொந்தப் பயன்பாட்டுக்கும் கல்விக்கும் இலவசம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் சிக்கல் இல்லை. அதையே ஈப்போவில் உங்கள் மாமாவின் கடைக் கணினியில் தொழிலுக்காக நிறுவினால், கட்டண உரிமம் வேண்டும்.

'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்துமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இதை எங்கே பயன்படுத்தலாம்? பிறருக்குக் கொடுக்கலாமா? கொடுத்தால் எதைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும்?

பயிற்சி: உங்கள் கணினியிலுள்ள ஏதேனும் ஒரு மென்பொருளின் உரிமத்தைப் படித்து, இம்மூன்றுக்கும் விடை எழுதுங்கள்.