காணாமல் போன விமானம்

ஜீடிமெட்லாவில் எங்கள் வகுப்பு மாலையில் நடக்கும். தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் அண்ணன்மார்களும் அக்காமார்களும் வருவார்கள். கொஞ்ச தூரத்தில் துண்டிகல் இருக்கிறது. அங்கே விமானப்படைக் கழகம் உள்ளது.

ஒரு நாள் தலைக்கு மேல் விமானச் சத்தம் கேட்டது. எல்லோரும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தோம். அப்போது ஓர் அக்கா கேட்டார்:

“டீச்சர், விமானம் காணாமப் போச்சுன்னு சொல்றாங்களே. அது என்ன ஆடா, மாடா? அவ்வளவு பெரிசு எப்படிக் காணாமப் போகும்?”

நல்ல கேள்வி. இன்று அதைப் பற்றிப் படிப்போம்.

காட்டில் ஒரு தேடல்

நமக்குப் பக்கத்தில் இருப்பது பேகம்பேட்டை விமான நிலையம். 2009 செப்டம்பர் 2ஆம் தேதி காலை அங்கிருந்து ஒரு ஹெலிகாப்டர் கிளம்பியது. அதில் ஐந்து பேர் இருந்தார்கள். அப்போதைய ஆந்திரப் பிரதேச முதலமைச்சர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி அவர்களில் ஒருவர். சித்தூர் மாவட்டத்துக்குப் போக வேண்டும். வழியில் பலத்த மழை. ஒரு மணி நேரத்துக்குள் ஹெலிகாப்டரோடு தொடர்பு அறுந்தது.

அது எங்கே போனது? யாருக்கும் தெரியவில்லை. கீழே நல்லமலைக் காடு. அடர்ந்த மரங்கள். விடாத மழை. விமானப்படை தேடியது. போலீசார் தேடினார்கள். காட்டைத் தெரிந்த உள்ளூர் மக்களும் தேடினார்கள். ஏறக்குறைய ஒரு நாள் கழித்து, ஒரு குன்றின் மேல் உடைந்த ஹெலிகாப்டர் தெரிந்தது. ஐந்து பேரும் இறந்திருந்தார்கள்.

விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் கருவிக்கு ரேடார் என்று பெயர். அது வானில் அலைகளை அனுப்பும். அலை விமானத்தில் பட்டுத் திரும்பும். அதை வைத்து இடம் தெரியும். ஆனால் மலைகளுக்கு நடுவே தாழப் பறந்தால் ரேடாருக்குத் தெரியாது. கரையை விட்டு வெகுதூரம் போனாலும் எட்டாது. அதனால்தான் பெரிய விமானமும் காணாமல் போகிறது.

கடலில் ஒரு தேடல்

காட்டில் தேட ஒரு நாள் ஆனது. கடலில் தேடினால்?

2016 ஜூலை 22ஆம் தேதி காலை 8.30 மணி. சென்னை தாம்பரத்திலிருந்து ஒரு விமானப்படை விமானம் அந்தமானுக்குக் கிளம்பியது. ஆன்-32 என்பது அந்த விமான வகையின் பெயர். உள்ளே 29 பேர். 9.12 மணிக்கு ரேடாரில் கடைசியாகத் தெரிந்தது. பிறகு ஒன்றும் இல்லை.

கப்பல்கள் போயின. விமானங்கள் பறந்தன. பல வாரங்கள் தேடினார்கள். ஒரு துண்டும் கிடைக்கவில்லை. 29 வீடுகளிலும் காத்திருந்தார்கள். உயிரோடு இருக்கிறாரா, இல்லையா? வாசலைப் பார்ப்பதா, காரியம் செய்வதா? இந்த வேதனையைச் சொல்லி முடியாது.

சென்னையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அது ஆள் இல்லாமல் கடலுக்கு அடியில் போகும் ஒரு வாகனத்தை அனுப்பியது. அந்த வாகனம் ஒலியை அனுப்பிக் கடல் தரையைத் தேடியது. படமும் எடுத்தது. கரையிலிருந்து 250 கிலோமீட்டருக்கும் அப்பால், 3,400 மீட்டர் ஆழத்தில், உடைந்த பாகங்கள் தெரிந்தன. ஆன்-32 விமானத்தின் பாகங்களோடு அவை ஒத்துப்போயின. 2024 ஜனவரியில் அரசு இதை அறிவித்தது. அதற்குள் ஏழரை ஆண்டுகள் ஓடிவிட்டன.

கறுப்புப் பெட்டி

விமானம் கிடைத்தால் போதாது. அது ஏன் விழுந்தது என்று தெரிய வேண்டும். அதற்கு உதவுவது கறுப்புப் பெட்டி. பெயர்தான் கறுப்பு. நிறம் ஆரஞ்சு. எளிதில் கண்ணில் படவே அந்த நிறம்.

விமானிகள் பேசுவதை ஒரு கருவி பதிவு செய்யும். வேகம், உயரம் போன்றவற்றை இன்னொரு கருவி பதிவு செய்யும். இடிபட்டாலும், தீப்பிடித்தாலும் தாங்கும்படி இவற்றைச் செய்கிறார்கள்.

விமானிகளின் குரலையும் பதிவு செய்யும் இந்தக் கருவியை உருவாக்கியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டேவிட் வாரன். 1934ஆம் ஆண்டில் அவருடைய அப்பா போன விமானம் கடலுக்கு மேல் காணாமல் போனது. அப்போது டேவிட்டுக்கு 9 வயது. வளர்ந்து விஞ்ஞானி ஆன பிறகு, 1950களில் இந்தக் கருவியைச் செய்தார்.

யார் தவறு? ஏன் நடந்தது?

முதலமைச்சரின் ஹெலிகாப்டர் விழுந்ததை ஒரு குழு ஆராய்ந்தது. குரல் பதிவைக் கேட்டது. பறக்கும்போது எண்ணெய் அழுத்தம் பற்றிய எச்சரிக்கை வந்தது. விமானிகள் கையேட்டைப் பார்த்தார்கள். சில நிமிடங்கள் அவர்கள் கவனம் அதில் போனது. அதற்குள் ஹெலிகாப்டர் மோசமான மழை மேகத்துக்குள் நுழைந்துவிட்டது. மேலிருந்து கீழே வீசிய பலத்த காற்று அதைத் தள்ளிவிட்டது.

பாருங்கள், காரணம் ஒன்று அல்ல. ஒன்றன் பின் ஒன்றாக வந்தது.

விமான விபத்தை ஆராய்வதற்கு உலக நாடுகள் சேர்ந்து ஒரு விதி வைத்திருக்கின்றன. அடுத்த விபத்தைத் தடுப்பதே ஆராய்ச்சியின் நோக்கம். பழி சுமத்துவது அதன் நோக்கம் அல்ல. இந்தியாவில் இந்த வேலைக்காக 2012இல் தனி அமைப்பு ஏற்படுத்தப்பட்டது.

நம் வேலையிடத்தில்

இதைப் படித்து முடித்ததும் ஓர் அண்ணன் தன் கையைக் காட்டினார். பிரஸ் இயந்திரத்தில் அவருக்கு ஒரு விரல் போய்விட்டது.

“‘கவனமில்லாம வேலை பார்த்தான்’னு ஒரே வரி எழுதினாங்க. அப்ப எனக்குப் படிக்கத் தெரியாது. கைநாட்டு வச்சேன்” என்றார்.

வகுப்பு அமைதியாக இருந்தது. பிறகு எல்லோரும் கேள்வி கேட்டோம். இயந்திரத்தில் பாதுகாப்புத் தடுப்பு இருந்ததா? இல்லை. அன்று எத்தனை மணி நேரம் வேலை? இரண்டு ஷிப்டு. அதற்கு முன் அந்த இயந்திரம் தொல்லை கொடுத்ததா? இரண்டு முறை.

இதில் எதுவும் அந்த ஒரு வரியில் இல்லை. இப்போது அதே இயந்திரத்தில் வேறு ஒரு பையன் வேலை செய்கிறானாம்.

நம் தொழிற்சாலையில் கறுப்புப் பெட்டி கிடையாது. நம் கண்ணும், நம் நோட்டும்தான் உண்டு. விபத்து நடந்தால் முதலில் அடிபட்டவரைக் காப்பாற்றுங்கள். பிறகு தேதி, நேரம், இடம், பார்த்தது எல்லாவற்றையும் அன்றே எழுதி வையுங்கள். கேள்விப்பட்டதைப் பார்த்ததாக எழுதாதீர்கள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்த அண்ணன் அன்று இரவு வகுப்பிலேயே உட்கார்ந்து அரைப் பக்கம் எழுதினார். தடுப்பு இல்லாததையும் எழுதினார். அடியில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சொல்லும் பொருளும்

தொடர்பு அறுதல் – பேச்சும் செய்தியும் நின்றுபோதல்
விமானி – விமானம் ஓட்டுபவர்
கையேடு – ஒரு வேலையைச் செய்யும் முறையைச் சொல்லும் புத்தகம்
எச்சரிக்கை – ஆபத்து வருமுன் தரும் அறிவிப்பு

பேசுவோம்

1. பெரிய விமானமும் காணாமல் போவது ஏன்?
2. கறுப்புப் பெட்டியின் நிறம் என்ன? ஏன் அந்த நிறம்?
3. “யார் தவறு?”, “ஏன் நடந்தது?” இந்த இரண்டு கேள்விகளில் எது அடுத்த விபத்தைத் தடுக்கும்?

எழுதுங்கள்

நீங்கள் நேரில் பார்த்த ஒரு விபத்தைப் பற்றிப் பத்து வரி எழுதுங்கள். மேலே தேதியும் நேரமும் போடுங்கள். அது மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று கடைசி வரியில் எழுதுங்கள்.